தலைகீழாகத் தெரியாதவள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துமூன்றாம் வருஷம், பங்குனி மாதத்து உச்சி வெயிலில் ஞானையன் அஞ்சுகிராமத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினான். கூட வந்தவர்கள் மூட்டை முடிச்சுகளோடு ஆளுக்கொரு பக்கம் பிரிந்து போனார்கள். போட்டோக்காரர் யூஜின் வீடு எது என்று வெற்றிலைக் கடைக்காரரிடம் கேட்டான். அவர் வாயைத் திறக்காமல் கையை மட்டும் நீட்டிக் காட்டினார். சிவந்த மண்ணில் பனைகளுக்கு நடுவே தனியாக ஒரு ஓட்டு வீடு. கூரையின் வடக்குப் பக்கத்தில் மட்டும் ஓட்டுக்குப் பதிலாகக் கண்ணாடி பதித்திருந்தது. தொழில் தெரிந்த மனிதர் கட்டிய வீடு என்று ஞானையனுக்குப் பார்த்ததுமே புரிந்தது.

அவனும் தொழில் தெரிந்தவன்தான். கருங்கலில் சந்தைக்குப் போகிற ரோட்டில் அவனுக்கு ஒரு ஸ்டூடியோ இருந்தது. குறை என்னவென்றால், அவனிடம் இருந்தது ஒரே லென்ஸ். கட்டிடம், கூட்டம், ஊர்வலம் என்று அகலமாக எடுக்கத் தோதானது. அதை வைத்துக்கொண்டு ஒற்றை முகத்தைப் பெரிதாக எடுக்க வேண்டுமென்றால் கேமராவை ஆளின் மூக்குக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அப்படி எடுத்தால் மூக்கு முன்னால் வந்து நிற்கும், காது இரண்டும் பின்னால் ஓடி ஒளியும். ஆண்பிள்ளைகள் சிரித்துவிட்டுப் படத்தை வாங்கிக்கொண்டு போவார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புகிற படத்தில் அப்படி நடந்தால் சிரித்துவிட்டுப் போக முடியுமா?

அவன் தங்கை பூங்கனிக்கு நடந்தது அதுதான். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. இரண்டு இடத்திலிருந்தும் படம் மட்டும் திரும்பி வந்தது. அப்பாவும் அம்மாவும் இல்லாத வீட்டில் தங்கையைக் கரைசேர்க்க வேண்டிய அண்ணனே, தன் கையால் எடுத்த படத்தால் அவள் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டான் என்று ஊர் பேசியது. ஊர் பேசியதைவிட அது உண்மை என்பதுதான் அவனை அரித்தது. பூங்கனி அழகி. அவளை நேரில் பார்த்தவர்களுக்கு அது தெரியும். ஆனால் மாப்பிள்ளைகள் எல்லாம் தூரத்தில் இருந்தார்கள்.

இப்போது மூன்றாவதாக ஒரு பேச்சு வந்திருந்தது. பையன் பெயர் ஜான்ரோஸ். இலங்கையில் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். படம் அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. இதுவும் தட்டிப்போனால் நாலாவதாக ஒன்று வராது என்று சொன்ன சபை உபதேசியார்தான் யூஜின் இறந்துபோன செய்தியையும் சொன்னார். அவர் மனைவி தங்கபாய் தொழில் சாமான்களைக் கேட்பவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறாளாம்.

தங்கபாய் வெள்ளைச் சேலையில் வாசலில் வந்து நின்றாள். அறுபது வயதிருக்கும். பனையோலைப் பட்டையில் பதநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, அவன் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"முகம் எடுக்கதுக்குத்தானே மக்கா வேணும்?"

"ஆமாம்மா. ஒத்த முகம்."

வீட்டின் பின்பக்கம் இருந்த ஸ்டூடியோ அறைக்கு அவனை அழைத்துப் போனாள். கண்ணாடிக் கூரை வழியே வெளிச்சம் பால்போல இறங்கிக்கொண்டிருந்தது. படிக்கட்டும் பூந்தொட்டியும் வரைந்த பழைய திரை ஒன்று. அதன் முன்னால் உயர்ந்த முதுகு வைத்த தேக்கு நாற்காலி. எதிரே மூன்று கால் தாங்கியின் மேல் பெரிய மரக் கேமரா. அறைக்குள் வெயில் காலத்துச் சூடு இல்லை. அதை அவன் அப்போது கவனித்தான், கூரை உயரம் என்று நினைத்துக்கொண்டான்.

தங்கபாய் மரப்பெட்டியைத் திறந்தாள். உள்ளே இரண்டு லென்ஸ்கள். ஒன்று சிறியது, கறுப்பு வளையம் தேய்ந்து வெளுத்திருந்தது. இன்னொன்று அரைப்படி அளவுக்குப் பருத்த பித்தளைக் குழல். கையில் எடுத்தால் கை தாழ்ந்தது. பித்தளையில் ஒரு கீறல்கூட இல்லை.

"இது புதுசு மாதிரி இருக்கே."

"ஒரே ஒரு படம்தான் அதுல எடுத்தாவ," என்றாள். "சின்னத எடுத்துட்டுப் போ மக்கா. இருவது வருஷம் அவியளுக்குச் சோறு போட்டது அதுதான்."

எதையும் பார்க்காமல் வாங்குகிறவன் இல்லை ஞானையன். சிறியதைக் கேமராவில் மாட்டி, தங்கபாயையே நாற்காலியில் உட்காரச் சொல்லி, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக் கேமராவின் பின்புறக் கண்ணாடியைப் பார்த்தான். அந்தக் கண்ணாடியில் விழுகிற உருவம் எப்போதும் தலைகீழாகத்தான் தெரியும். தலை கீழே, கால் மேலே. பழகியவர்களுக்கு அது ஒன்றுமில்லை. தங்கபாயின் முகம் தலைகீழாகத் தெளிவாக நின்றது. மூக்கு மூக்கின் இடத்தில் இருந்தது. ஆனால் ஒவ்வொரு சுருக்கமும், கன்னத்துக் கரும்புள்ளியும், கண்ணுக்கு அடியில் இருந்த தொய்வும் ஒன்றுவிடாமல் தெரிந்தன. நல்ல லென்ஸ்தான், இரக்கம் மட்டும் இல்லை.

அவள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் பித்தளையை மாட்டினான். கண்ணாடியில் வெறும் நாற்காலி தலைகீழாகத் தொங்கியது.

நாற்காலிக்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று நேராக நின்றது.

கறை என்று நினைத்து வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்தான். போய்விட்டது. தங்கபாய் வந்து உட்கார்ந்தாள். ஞானையன் அப்படியே நின்றுவிட்டான். கண்ணும் உதடும் தெளிவாக இருந்தன. காதிலிருந்து பின்னால் போகப் போக எல்லாம் மெல்லக் கரைந்து மூட்டமாயின. சுருக்கங்கள் எங்கே போயின என்று தெரியவில்லை. அறுபது வயதுக்காரிக்கே இப்படி என்றால் பூங்கனிக்கு எப்படி இருக்கும் என்று மனசு துள்ளியது.

"இதத்தான் எடுக்கேன்."

தங்கபாய் நாற்காலியை விட்டு எழுந்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. குழலை ஒரு துணியில் சுற்றும்போது அதைப் பார்க்காமலே சுற்றினாள்.

"ஒருத்தியத் தனியா உக்கார வச்சு எடுக்காத. சுத்தி நாலு பேரு நிக்கட்டும்."

ஞானையனுக்குச் சிரிப்பு வந்தது. முகம் எடுக்கிற லென்ஸில் கூட்டத்தை எடுத்தால் ஓரத்தில் நிற்கிறவர்கள் எல்லாம் புகையாகிப் போவார்கள். போட்டோக்காரர் பெண்டாட்டிக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டு, தலையை ஆட்டிவிட்டு வந்தான். நல்லதை விட மனசில்லாமல் சிறியதைத் தள்ளிவிடப் பார்க்கிறாள் என்றும் நினைத்தான். அந்த நினைப்புக்காகப் பிறகு அவன் மிகவும் வெட்கப்பட்டான்.

கருங்கலில் ஆசாரியிடம் சொல்லி, தன் கேமராவுக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு பலகை செய்து, மறுநாள் மதியம் பித்தளையை மாட்டினான். கடை சாத்தியிருந்தது. வெளியே மாட்டுவண்டி போகிற சத்தம் கேட்டது. வெறும் நாற்காலியை வைத்துத் தூரம் பார்த்துக்கொள்ளலாம் என்று துணிக்குள் தலையை நுழைத்தான்.

நாற்காலி தலைகீழாக இருந்தது. ஜன்னல் தலைகீழாக இருந்தது. சுவரில் தொங்கிய காலண்டர் தலைகீழாக இருந்தது.

அவற்றின் நடுவே ஒரு பெண் நேராக நின்றாள்.

வெள்ளைச் சேலை. கையைக் கோத்து முன்னால் வைத்திருந்தாள். முகம் மட்டும் மூட்டமாக இருந்தது. ஞானையன் தலையை வெளியே இழுத்துப் பார்த்தான். நாற்காலி காலியாக இருந்தது. அறையில் யாருமில்லை. கதவு உள்ளே தாழிட்டபடி இருந்தது.

திரும்பவும் துணிக்குள் போனான். நின்றாள்.

அவன் மூளை தொழில்காரன் மூளை. முன்னாலிருந்து லென்ஸ் வழியே வருகிற எதுவும் நேராகத் தெரியாது, தெரியவும் முடியாது. கண்ணாடியில் ஓர் உருவம் நேராகத் தெரிய வேண்டுமென்றால் அது முன்னாலிருந்து வந்ததல்ல. கண்ணாடியின் இந்தப் பக்கத்திலிருந்து, முகம் பார்க்கிற கண்ணாடியில் தெரிவதுபோலத் தெரிகிறது. அப்படியென்றால் அது நிற்பது அவனுக்குப் பின்னால்.

அவனுக்குப் பின்னால் இருந்தது கறுப்புத் துணி மட்டும்.

துணிக்குள்ளேயே நிற்கிறாள்.

அப்போதுதான் மணம் வந்தது. பிரேதத்தின் மேல் தெளிக்கிற ஓடிகோலன் மணம், அதற்கு அடியில் வாடிப்போன பிச்சிப்பூ. பிடரியில் யாரோ மூச்சு விட்டிருந்தால்கூட அவன் அவ்வளவு பயந்திருக்க மாட்டான். மூச்சே இல்லாத ஒரு குளிர் அங்கே நின்றது. துணியை உதறிவிட்டு வாசலுக்கு ஓடி, வெயிலில் நின்றான்.

பயந்தவன் அந்த லென்ஸை அன்றைக்கே கழற்றி எறிந்திருக்க வேண்டும். அவன் எறியவில்லை. கண் கூசியிருக்கும், வெயிலில் அலைந்திருக்கிறோம், கண்ணாடியில் பழைய மருந்துக் கறை படிந்திருக்கும் என்று வரிசையாகக் காரணம் கண்டுபிடித்தான். இலங்கைக்குப் படம் போக வேண்டும் என்ற ஒரே காரணம் அவை எல்லாவற்றுக்கும் பின்னால் நின்றது.

பூங்கனி அடுத்த நாள் காலை பத்து மணிக்கு நல்ல வெளிச்சத்தில் வந்து உட்கார்ந்தாள். வாய் ஓயாத பெண் அவள். அவளை அசையாமல் உட்கார வைப்பதுதான் அவனுக்கு எப்போதும் பெரிய பாடு.

"போன தடவ எடுத்ததுல நான் எனக்க மூக்குக்குப் பின்னால ஒளிஞ்சு இருந்தேன். இந்தத் தடவயாவது என்ன வெளிய விடுவியா அண்ணே?"

"வாய மூடுட்டி. மூடியத் தொறந்தா எட்டு எண்ணுவேன். அசையாத."

துணிக்குள் தலையை நுழைத்தான். கண்ணாடியில் பூங்கனி தலைகீழாக இருந்தாள், அவ்வளவு அழகாக இருந்தாள். நேராக நின்றவளைக் காணவில்லை. அவன் மனசுக்குள் கர்த்தருக்கு நன்றி சொல்லிவிட்டு, பிளேட்டைச் செருகி, லென்ஸின் மூடியை எடுத்தான்.

ஒன்று, இரண்டு, மூன்று. பூங்கனி அசையவில்லை. நாலு, ஐந்து. கண் இமைக்கவில்லை. ஆறு, ஏழு. மார்புகூட ஏறி இறங்கவில்லை. எட்டு. மூடியைப் போட்டான்.

"முடிஞ்சுதுட்டி. எந்திரி."

அவள் எழுந்திருக்கவில்லை. முகம் வெளுத்திருந்தது. மெதுவாகக் குனிந்து தன் மடியைப் பார்த்தாள்.

"அண்ணே, எனக்க மடியில யாரு உக்காந்தது?"

இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழ் பிளேட்டைக் கழுவி, காயவைத்து, வெயிலில் காகிதத்தில் அச்செடுத்தான். அவன் வாழ்நாளில் எடுத்த படங்களில் அதற்கு ஈடு கிடையாது. பார்க்கிறவன் எவனும் மறுக்க மாட்டான். ஆனால் அவன் அதை வெளிச்சத்தில் பிடித்து உற்றுப் பார்த்தான். கண் பூங்கனியின் கண். மூக்கும் உதடும் அவளுடையவை. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் அவள்தான். சேர்த்துப் பார்த்தால் அவள் இல்லை.

இதை இலங்கைக்கு அனுப்பலாமா என்று இரண்டு நாள் யோசித்தான். மூன்றாம் நாள் தபாலில் சேர்த்தான். யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை.

பூங்கனி அதற்குப் பிறகு மாறிக்கொண்டே வந்தாள். முதலில் சிரிப்பு நின்றது. பிறகு பேச்சு குறைந்தது. முகத்தைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். கன்னத்தை விரலால் தடவி, அங்கே ஏதோ இருக்கிறதா என்று தேடுகிறவள்போலக் கண்ணாடி முன் நின்றாள். கால் கனக்கிறது என்று சொல்லிச் சொல்லி நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். இலங்கையிலிருந்து சம்மதம் என்று கடிதம் வந்த அன்று உபதேசியார் மகிழ்ச்சியோடு வந்து ஜெபம் செய்துவிட்டுப் போனார். பூங்கனி கடிதத்தை வாங்கி ஒரு தடவை வாசித்துவிட்டு மடித்து வைத்தாள்.

"ரண்டாவது கடிதம்," என்று மட்டும் சொன்னாள். ஞானையனுக்கு அது புரியவில்லை.

அன்று சாயங்காலம் அவளை வீட்டில் காணவில்லை. ஸ்டூடியோக் கதவு திறந்திருந்தது. உள்ளே நாற்காலியில், வெள்ளைச் சேலை உடுத்து, கையைக் கோத்து, கேமராவைப் பார்த்தபடி அசையாமல் இருந்தாள். மேற்கு ஜன்னல் வழியே மஞ்சள் வெயில் அவள் மேல் விழுந்திருந்தது.

"ஏட்டி, இஞ்ச என்ன செய்ய?"

"மூடியத் தொறங்க," என்றாள் மெதுவாக. "எனக்க படம் இன்னும் எடுக்கலியே."

"எடுத்தாச்சேட்டி. இலங்கைக்கும் போயாச்சு."

"அது பூங்கனிக்க படம்."

ஞானையன் கதவைத் திரும்பிப் பார்த்தான். ஏன் அப்படிச் செய்தான் என்று பிறகு அவனாலேயே சொல்ல முடியவில்லை. கேமராவிடம் போனான். மூடியை எடுத்தான். கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தான்.

ஜன்னல் தலைகீழாக இருந்தது. நாற்காலி தலைகீழாக இருந்தது.

நாற்காலியில் யாருமில்லை.

துணியை விலக்கி எட்டிப் பார்த்தான். பூங்கனி உட்கார்ந்துதான் இருந்தாள். துணிக்குள் திரும்பினான். கண்ணாடியில் நாற்காலி காலி. அதன் மேல், கண்ணாடி முழுவதையும் அடைத்துக்கொண்டு, நேராக ஒரு முகம். முன்பிருந்த மூட்டம் இப்போது இல்லை. கன்னமெல்லாம் அம்மைத் தழும்பு. கண்கள் திறந்திருந்தன. இமைகளின் ஓரத்தில் ஏதோ பசை வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

அது அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேலே, வேறு யாருக்காகவோ காத்திருப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவன் போட்ட சத்தத்தில் பூங்கனி நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, விடிந்ததும் முதல் பஸ்ஸில் அஞ்சுகிராமம் போனான்.

தங்கபாய் அவன் கையிலிருந்த பொதியைப் பார்த்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"தனியா உக்கார வச்சு எடுத்தியா?"

"எடுத்தேன்."

"அனுப்பினியா?"

"அனுப்பியாச்சு. சம்மதம்னு கடிதமும் வந்தாச்சு."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தாழ்ந்த குரலில், எங்கோ பார்த்தபடி சொன்னாள்.

"எங்களுக்கு ஒரே பிள்ள, குளோரி. சின்னதுல அம்ம போட்டு முகமெல்லாம் வடு. கல்யாணத்துக்கு ஒரு படம் எடுங்கன்னு அப்பாக்கிட்ட கெஞ்சுவா. சின்ன லென்ஸ்ல எடுத்தா வடு எல்லாம் தெரியும்ன்னு அவிய எடுக்கவே இல்ல. சீமையிலேருந்து ஒரு லென்ஸ் வருது, அதுல வடு தெரியாது, வரட்டும் வரட்டும்னு ஒரு வருஷம் போச்சு. மூணு நாள் காய்ச்சல். நாலாம் நாளு காலம்பற அவ போயிட்டா. மத்தியானம் தபால்காரன் இந்தப் பெட்டியக் கொண்டு வாறான்."

ஞானையன் மடியிலிருந்த பித்தளைக் குழலைத் தரையில் வைத்தான்.

"செத்தவியள நம்ம ஆளுக எப்படிப் படம் எடுப்பாவ? உனக்குத் தெரியும்லா. சவப்பெட்டியக் கொஞ்சம் சாச்சு வச்சு, சுத்தி வீட்டாளுக நிப்பாவ. பாக்கவனுக்கு இது சாவுப் படம்ன்னு தெரியணும். செத்தவளுக்கும் தெரியணும். அவிய என்ன செஞ்சாவ தெரியுமா? எங்க ஒருத்தரையும் உள்ள விடல. வெள்ளக் கல்யாணச் சேலைய உடுத்து, அந்த நாற்காலியில தனியா உக்கார வச்சு, கண்ணு மூடாம இருக்க இமையில பச வச்சு எடுத்தாவ. அதோட விட்டாவளா? பேச்சு நடந்துட்டு இருந்த பையனுக்க வீட்டுக்கு அந்தப் படத்தயே அனுப்பினாவ. எதுக்கு அனுப்பினியன்னு கேட்டா, எனக்க பிள்ள அழகுதான்னு நாலு பேரு சொல்லணும்ன்னு அழுதாவ."

"பொறவு?"

"சம்மதம்ன்னு கடிதம் வந்துது. அவள அடக்கி அப்போ பன்னெண்டு நாளு."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் ஏன் காத்திருக்கிறாள் என்பது ஞானையனுக்கு இப்போது புரிந்தது. தனியாக உட்கார்ந்து படம் எடுத்தாயிற்று, படம் போயிற்று, சம்மதமும் வந்தாயிற்று. அவள் செத்துப்போனதை மட்டும் யாரும் அவளிடம் சொல்லவில்லை.

இருவரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். குளோரியின் கல்லறைத் தலைமாட்டில் ஞானையன் தன் கையாலேயே குழி தோண்டி, லென்ஸைத் துணியோடு வைத்து மூடினான். தங்கபாய் ஜெபம் சொன்னாள். நீ செத்துட்ட மக்கா, பத்து வருஷமாச்சு, நிம்மதியா இரி என்று மண்ணைப் பார்த்துச் சொன்னாள். சொல்லும்போது அவள் அழவில்லை. இவ்வளவு போதுமா என்று அவன் கேட்டான்.

"எனக்குத் தெரியாது மக்கா. போதுமாயிருக்கணும்."

திரும்பும்போது சிறிய லென்ஸை அவளே அவன் கையில் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்தபோது பூங்கனி அடுக்களையில் நின்று மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "எங்கண்ணே போன? வயிறு பசிச்சிச் சாவுதேன்," என்றாள். அவன் அடுக்களைச் சுவரில் சாய்ந்துகொண்டு குழந்தைபோல அழுதான். அவள் பயந்துபோய் மீன் கையாலேயே அவன் முகத்தைத் துடைத்தாள், பிறகு அதற்காகச் சிரித்தாள். கடந்த ஒரு மாதம் அவளுக்கு அரைகுறையாகத்தான் நினைவிருந்தது. காய்ச்சலில் கிடந்ததாக நினைத்துக்கொண்டாள். அவனும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

அந்த வாரமே சிறிய லென்ஸில் அவளைத் திரும்ப எடுத்தான். பல் தெரியச் சிரித்தபடி, நெற்றியில் ஒரு பரு, ஒரு பக்கம் கலைந்த முடி. அதையும் இலங்கைக்கு அனுப்பி, தங்கை உண்மையில் இப்படித்தான் இருப்பாள் என்று எழுதினான். மூன்று வாரம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஜான்ரோஸ் ஒற்றை வரியில் பதில் எழுதினான்: இந்தப் படம்தான் எனக்கு அதிகம் பிடித்திருக்கிறது.

ஆவணியில் கப்பலேறி வந்தான். நல்ல பையன். நெட்டையாக, கொஞ்சம் கூச்சமாக இருந்தான். பூங்கனி அவனிடம் தேயிலைத் தோட்டத்து அட்டையைப் பற்றிக் கேட்டே அவனைச் சிரிக்க வைத்தாள். ஞானையன் பத்து வயது குறைந்தவன்போல நடமாடினான். பந்தல் போட்டது, சமையலுக்கு ஆள் பிடித்தது, சபையாருக்குச் சொல்லிவிட்டது எல்லாம் அவனே.

கல்யாணத்தன்று காலை வேதக்கோயில் நிறைந்திருந்தது. பாட்டு முடிந்தது. பாதிரி ஐயர் சம்மதமா என்று கேட்டார். இருவரும் சம்மதம் என்றார்கள். பூங்கனியின் குரல் தெளிவாக, கடைசி வரிசைவரை கேட்டது. தாலி கட்டியானதும் மாப்பிள்ளையையும் பெண்ணையும் ஆராதனை மேசைக்குப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனார் ஐயர். சாட்சிக்காக ஞானையனும், மாப்பிள்ளையின் அண்ணனும் கூடப் போனார்கள். மேசையில் திருமணப் பதிவேடு விரித்திருந்தது.

ஜான்ரோஸ் குனிந்து கையெழுத்துப் போட்டான். பேனாவைப் பெண்ணிடம் கொடுத்தான். அவள் முக்காட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அவசரமில்லாமல் எழுதினாள். ஐயர் அதற்குள் மாப்பிள்ளையின் அண்ணனிடம் கப்பல் எப்போது என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

ஞானையன் பேனாவை வாங்கிக்கொண்டு குனிந்தான்.

மணமகள் கையெழுத்து என்ற கட்டத்தில் மை இன்னும் உலரவில்லை. குண்டுகுண்டாக, அழகாக எழுதியிருந்தது.

குளோரி.

அவன் நிமிர்ந்தான். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையைக் கோத்து முன்னால் வைத்திருந்தாள். முகத்தில் கோபமோ சிரிப்போ எதுவும் இல்லை. அவன் மனசுக்குள் எண்ணத் தொடங்கினான். எட்டு வந்தது. பன்னிரண்டு வந்தது. இருபது வந்தது. அவள் இமைக்கவில்லை.

"போடுங்க அத்தான்," என்றான் ஜான்ரோஸ். அவன் முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சி.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஐயர் ஏட்டைப் பார்ப்பார், கோயில் முழுக்கத் தெரியும், ஊர் முழுக்கத் தெரியும். இரண்டு தடவை படம்தான் திரும்பி வந்தது, இந்தத் தடவை பேய் பிடித்த பெண் என்று பூங்கனியே திரும்பி வருவாள். திரும்பி வருவது பூங்கனியாக இருந்தால்.

வெளியே வாத்தியம் தொடங்கிவிட்டது. பூங்கனி மெல்ல ஜான்ரோஸின் கையைப் பற்றிக்கொண்டாள். அவன், என்ன இப்படிக் குளிர்ந்திருக்கிறது என்று சொல்லி அந்தக் கையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான்.

ஞானையன் மறுபடி குனிந்து, அந்தப் பெயருக்குக் கீழே, சாட்சி என்று அச்சடித்திருந்த இடத்தில் தன் பெயரை எழுதினான்.